கணினியில் தூர் வாருதல்

புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமியாகும். வெள்ளாறு மழைக்காலத்தில் நீர்கொண்டு ஓடுமேயன்றி, ஆண்டு முழுதும் ஓடும் இயல்பினதன்று. ஆதலின் நம் முன்னோர் சிற்றூர்தோறும் கண்மாய்களையும் குளங்களையும் ஊருணிகளையும் அமைத்து, பெய்யும் மழையைத் தேக்கிவைத்து வாழ்ந்தனர். அத்தகைய நீர்நிலைகள் இம்மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் உள்ளன. கண்மாய்க்கு வரும் நீர் தனித்து வருவதில்லை. வண்டலையும் உடன்கொண்டு வருகின்றது. கோடையில் நீர் வற்றிவிடும், வண்டலோ தங்கிவிடும். ஆண்டுகள் பல சென்றபின் நோக்கினால், கரை முன்னிருந்த உயரத்திலேயே இருக்கும், பரப்பும் குறைந்திராது, ஆயினும் கண்மாய் கொள்ளும் நீர் மட்டும் குறைந்திருக்கும். குறைந்த இடம் எங்கே சென்றது? எங்கும் செல்லவில்லை, வண்டலின் அடியில் மறைந்து கிடக்கின்றது. அதனை மீட்கும் தொழிலே தூர் வாருதல்.

நம் இல்லங்களில் உள்ள கணினிக்கும் இக்குறை நேர்வதுண்டு. வாங்கிய நாளில் வெற்றிடமாக இருந்த கணினி, மூன்று நான்கு ஆண்டுகளில், "இடமில்லை" என்று அறிவிக்கின்றது. கணினியின் வேகம் குன்றுகின்றது. புதிய கோப்பைச் சேமிக்க இயலுவதில்லை. "யாம் இவ்வளவு சேர்த்துவைக்கவில்லையே! இடம் எங்கே போயிற்று?" என்று பலர் வியக்கின்றனர். அவ்விடம் எங்கே மறைகின்றது, அதனை எவ்வாறு மீட்பது, மீட்கும்போது எவற்றைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம். அறியாமையால் யான் இழக்க இருந்த அரும்பொருள் ஒன்றைப் பற்றியும் இடையே கூறுவேன்.

கணினியில் நாம் எழுதுவனவும், படம் பிடிப்பனவும், ஒலிப்பதிவு செய்வனவும் ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டில் தங்குகின்றன. ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டில் முதன்முதலாக இத்தகைய தட்டுப் பெட்டகத்தைக் கணினியுடன் இணைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு அடி விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. அஃது ஏறத்தாழ ஒரு டன் எடையுடையது. இத்துணைப் பெரிய பெட்டகம் கொண்டது 50 இலட்சம் எழுத்துகளே. இன்று கைப்பேசியால் எடுக்கும் ஓரிரு நிழற்படங்களே அதனை நிரப்பிவிடும். இக்காலத்து வன்தட்டோ உள்ளங்கையில் அடங்குவது. அப்பெட்டகத்தைப்போல் இலட்சம் மடங்கும் அதற்கு மேலும் கொள்வது. ஆயினும் நிரம்பிவிடுகின்றது. கொள்கலம் பெரிதாகப் பெரிதாக, அதில் இடுவோர் கவனம் சிறிதாகிவிடுகின்றது போலும்!

இடம் குறைந்ததாகத் தோன்றும் காரணங்களுள் ஒன்று உண்மையில் குறைவே அன்று. அளவு முறையின் வேறுபாடு. 500 ஜிகாபைட் என்று விளம்பரம் செய்து விற்கப்படும் தட்டினைக் கணினியில் பொருத்திப் பார்த்தால், விண்டோஸ் என்னும் இயக்க அமைப்பு 465 என்றே காட்டும். ஆயிரம் ஜிகாபைட் தட்டு 931 என்று காட்டப்படும். தட்டினைச் செய்வோர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றனர். விண்டோஸோ இருமடி எண் முறையைப் பின்பற்றி 1,024, 1,024 ஆக எண்ணுகின்றது. ஒரே நெற்குவியலைச் சிறிய மரக்காலால் ஒருவரும், பெரிய மரக்காலால் மற்றொருவரும் அளந்தால், எண்ணிக்கை வேறுபடுமன்றோ? நெல் குறையவில்லை. ஆதலின் இவ்வேறுபாட்டைக் கண்டு வணிகரோடு வழக்காட வேண்டுவதில்லை.

மற்றொரு காரணம், நம் கண்ணுக்குப் புலப்படாத பிரிவுகள். கணினி பழுதுற்றால் அதனை மீண்டும் தொடக்க நிலைக்குக் கொணர்வதற்குரிய கோப்புகளை, உற்பத்தியாளர் தட்டின் ஒரு பகுதியில் மறைவாக வைத்திருப்பர். தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்னும் இந்திய இயக்க அமைப்பும் நிறுவப்பட்டிருந்தது. லினக்ஸுக்கு உரிய பகுதி விண்டோஸின் பட்டியலில் தட்டாகத் தோன்றாது. அதனைக் காணாத மாணவர் தட்டில் ஒரு பகுதி களவுபோயிற்றென்று கருதுதல் இயல்பே. "டிஸ்க் மேனேஜ்மென்ட்" என்னும் பகுதியைத் திறந்து பார்த்தால் எல்லாப் பிரிவுகளும் வரிசையாகத் தோன்றும். பார்ப்பதோடு நிற்றல் நன்று. அங்குள்ள பிரிவை விளைவறியாது நீக்குதல், மடை இதுவென்றறியாது கரையை வெட்டுவது போன்றதாகும்.

இனி உண்மையான வண்டலுக்கு வருவோம். கணினி தன் பணியின்பொருட்டுத் தானே எழுதி வைத்துக்கொள்ளும் கோப்புகள் பல. இணையத்தில் நாம் காணும் பக்கங்களின் படங்களை உலாவி தன்னிடம் படியெடுத்து வைக்கின்றது. மென்பொருளை நிறுவும்போது தற்காலிகமாக விரித்த கோப்புகள், பணி முடிந்தபின்னும் தங்கிவிடுதல் உண்டு. விண்டோஸ் புதிய பதிப்புக்கு மாறும்போது, பழைய பதிப்பைத் தனிக் கோப்புறையில் சிலநாள் காத்து வைக்கின்றது. அது பல ஜிகாபைட் இடம் கொள்ளும். கணினியைத் துயிலச் செய்யும்போது அதன் நினைவில் உள்ளவற்றை எழுதிவைப்பதற்கெனவும் ஒரு பெரிய கோப்பு உண்டு. பழுதுற்றால் முந்தைய நிலைக்கு மீள்வதற்குரிய பதிவுகளும் ஓரிடத்தில் சேர்கின்றன. இவற்றுள் எதனையும் நாம் எழுதவில்லை. எனினும் நம் தட்டிலேயே இவை வாழ்கின்றன.

நாமே சேர்க்கும் வண்டலும் உண்டு. ஒரே நிழற்படம் கைப்பேசியிலிருந்து ஒருமுறையும், உறவினர் அனுப்பியதாக ஒருமுறையும், காப்புப் படியாக ஒருமுறையும் கணினியில் வந்து சேர்கின்றது. ஒருமுறை பார்த்து முடித்த திரைப்படமும், விண்ணப்பம் அனுப்பியபின் பயனற்றுப்போன படிவமும் பதிவிறக்கக் கோப்புறையில் கிடக்கின்றன. "அழித்துவிட்டேன்" என்று நாம் எண்ணும் கோப்புகளோ மறுசுழற்சித் தொட்டியில் அமர்ந்திருக்கின்றன. தொட்டியைக் காலி செய்யும்வரை அவை கொண்டிருந்த இடம் நமக்குத் திரும்புவதில்லை.

மூன்றாவது வகை ஒன்றுண்டு. தட்டு, சிறு சிறு அறைகளாகப் பகுக்கப்பட்டிருக்கின்றது. எந்தக் கோப்பு எந்தெந்த அறைகளில் உள்ளது என்பதற்கு ஓர் அட்டவணையும் உண்டு. கோப்பு எழுதப்படும்போது திடீரென மின்சாரம் நின்றாலும், விரலளவுள்ள பென் டிரைவை முறைப்படி விடுவிக்காமல் பிடுங்கினாலும், அறைகள் நிரம்பியவை எனக் குறிக்கப்பட்டும் எந்தக் கோப்புக்கும் உரிமையாகாமல் கிடத்தல் நேரும். இவற்றை உரிமையாளரற்ற நிலம் எனலாம். 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் கஜா புயல் வீசியபின், இம்மாவட்டத்துச் சிற்றூர்கள் பல வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. அத்தகைய பேரிடர் நேராத நாளிலும் மின்தடை நமக்குப் புதிதன்று. மேசைக் கணினி வைத்திருப்போர், மின்சாரம் நின்றபின் சில நிமிடம் தாங்கும் மின்கலப் பெட்டியைப் பொருத்திக்கொண்டு, கணினியை முறையாக நிறுத்துதல் வேண்டும்.

இவ்வாறு மறைந்த இடத்தை மீட்கும் முறைகளை இனி வரிசையாகக் கூறுவேன்.

முதலாவது, அளந்து பார்த்தல். தூர் வாருவோர் கண்மாயில் எங்கே மேடிட்டிருக்கிறது என்று கண்டபின்னரே மண்வெட்டியை எடுப்பர். விண்டோஸில் "செட்டிங்ஸ்" என்பதைத் திறந்து, "சிஸ்டம்", "ஸ்டோரேஜ்" என்று சென்றால், எவ்வகைக் கோப்பு எவ்வளவு இடம் கொண்டுள்ளது என்பது தெளிவாகத் தோன்றும். பெரியதை முதலில் நோக்குக. ஆயிரம் கடிதங்களை அழித்துப் பெறும் இடத்தைவிட ஒரு திரைப்படத்தை நீக்கிப் பெறும் இடம் மிகுதியாகும்.

இரண்டாவது, கணினி சேர்த்த வண்டலை அகற்றுதல். அதே பக்கத்தில் "டெம்பரரி ஃபைல்ஸ்" என்னும் தற்காலிகக் கோப்புகளின் பட்டியல் உண்டு. வேண்டாதவற்றைக் குறியிட்டு நீக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. அப்பட்டியலில் பதிவிறக்கக் கோப்புறையின் பெயரும் இடம்பெறும். அதனுள் இருப்பவை நாம் கொண்டுவந்தவை, தற்காலிகமானவை அல்ல. அதனைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாவது, பயன்படாத மென்பொருள்களை நீக்குதல். ஒரு மென்பொருள் வேண்டாமெனில், அதன் கோப்புறையைப் பிடித்து அழித்தல் முறையன்று. அதன் வேர்கள் பலவிடங்களில் பரவியிருக்கும். "ஆப்ஸ்" என்னும் பட்டியலின் வழியாக, "அன்இன்ஸ்டால்" என்பதைத் தெரிந்து முறைப்படி நீக்குதல் வேண்டும்.

நான்காவது, உரிமையாளரற்ற அறைகளை மீட்டல். தட்டின் பெயர்மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, "பிராப்பர்ட்டீஸ்", "டூல்ஸ்" என்று சென்று "செக்" என்பதைத் தெரிந்தால், கணினி அட்டவணையைத் தட்டோடு ஒப்புநோக்கிப் பிழைகளைத் திருத்தும். உரிமையற்ற அறைகளில் கிடந்தவற்றைத் தனிக் கோப்புகளாகத் தொகுத்து வைத்தலும் உண்டு. அவற்றுள் நமக்கு வேண்டுவது உண்டோ என்று பார்த்தபின் நீக்கலாம்.

ஐந்தாவது, இரட்டித்த கோப்புகளைத் தேர்ந்து நீக்குதல். இதுவே அரியது, பொறுமை வேண்டுவது. பெயர் ஒன்றாயிருப்பதால் கோப்புகள் இரண்டும் ஒன்றே எனக் கொள்ளலாகாது. பெயர் பொருளற்றிருப்பதால் கோப்பும் பொருளற்றது எனக் கொள்ளலும் ஆகாது. இவ்வுண்மையை யான் கற்ற வரலாற்றை இங்கே கூறுதல் பொருந்தும்.

எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் தொண்ணூறு ஆண்டை அணுகியபோது, அவரிடம் அமர்ந்து, தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் எனக்கிருந்த ஐயங்களைக் கேட்டேன். அவர் சொன்ன விளக்கங்களைப் பெயர்த்தியின் கைப்பேசியால் பன்னிரண்டு பகுதிகளாக ஒலிப்பதிவு செய்து, கணினிக்கு மாற்றினேன். கோப்புறைக்குப் பெயரிட அன்று மறந்தேன். "புதிய கோப்புறை" என்று கணினி இட்ட பெயரே நின்றது. அடுத்த ஆண்டு ஆசிரியர் மறைந்தார். பின்னொரு நாள் கணினியில் இடமில்லை என்னும் அறிவிப்பு வந்தது. "புதிய கோப்புறை" என்னும் பெயரில் ஏழெட்டுக் கோப்புறைகள் இருக்கக் கண்டேன். எல்லாம் குப்பையெனக் கருதி அழித்தேன். மறுசுழற்சித் தொட்டியையும் காலி செய்தேன். நிறைய இடம் கிடைத்தது. மகிழ்ந்தேன்.

மாலையில் ஒரு நூற்பாவின் பொருளைத் தெளிய விரும்பி ஆசிரியரின் குரலைத் தேடினேன். இல்லை. யான் செய்த பிழை அப்போது விளங்கிற்று. நூலில் இருப்பதைப் பிறிதொரு நூலில் காணலாம். அவர் குரலை எங்கே காண்பது?

பெயர்த்தியைத் தொலைபேசியில் அழைத்தேன். அவள் முதலில் சொன்ன சொல், "தாத்தா, கணினியில் இனி ஒன்றும் எழுதாதீர்கள், உடனே நிறுத்திவிடுங்கள்" என்பதே. வார இறுதியில் வந்தாள். தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, மீட்பு மென்பொருளால் தேடினாள். பன்னிரண்டில் ஒன்பது பதிவுகள் முழுமையாகக் கிட்டின, ஒன்று பாதியில் அறுந்து கிட்டிற்று, இரண்டு கிட்டவேயில்லை.

அழித்த கோப்பு எவ்வாறு மீண்டது? இதனை அறிதல் பயனுடையது. கணினியில் ஒரு கோப்பை அழிக்கும்போது, தட்டில் எழுதிய எழுத்து உடனே துடைக்கப்படுவதில்லை. அட்டவணையில் அதன் பெயர் மட்டும் அடிக்கப்படுகின்றது. அது தங்கிய அறைகள் வெற்றறைகள் எனக் குறிக்கப்படுகின்றன. ஊர்க் கணக்கில் ஒருவர் பெயரை அடித்துவிட்டால், அவர் நிலத்தில் நிற்கும் பயிர் அந்நொடியே அழிந்துவிடுமோ? வேறொருவர் ஏர் கொண்டு உழும்போதுதான் அழியும். அதுபோலப் புதிய கோப்பு அவ்வறைகளில் எழுதப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கும். அன்று பகல் முழுதும் யான் கணினியை இயக்கிக்கொண்டிருந்தமையால், மூன்று பதிவுகளின்மேல் ஏர் ஓடிவிட்டது. பெயர்த்தி "எழுதாதீர்கள்" என்றதன் காரணம் இதுவே. மற்றுமொன்று: சுழலும் தட்டுக்கு மாறாக இன்று பரவியுள்ள திடநிலைப் பெட்டகம், அழித்த கோப்பின் அறைகளைத் தானே துடைத்துத் தூய்மை செய்துகொள்ளும் இயல்பினது. அதில் அழித்ததை மீட்டல் பெரும்பாலும் அரிது. ஆகவே பிழைத்தபின் மீட்பதை நம்பாமல், பிழைக்குமுன் காத்தலே அறிவுடைமை.

இதிலிருந்து மற்றொரு பாடமும் பெறலாம். பழைய கணினியை விற்போர் கோப்புகளை அழித்துவிட்டோம் என்று அமைதியுறுதல் கூடாது. வாங்கியவர் அவற்றை மீட்டெடுக்கக்கூடும். வங்கிக் கணக்கு, ஆதார் முதலிய செய்திகள் இருந்த தட்டினை முழுதும் துடைக்கும் முறையை அறிந்து செய்தபின்னரே பிறரிடம் கொடுத்தல் வேண்டும்.

காத்தற்குரிய வழி நம் மரபுக்குப் புதிதன்று. ஓலைச்சுவடி நெடுங்காலம் நில்லாது, பூச்சி அரிக்கும், நைந்து முரியும். ஆதலின் அறிஞர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுத்தனர். படியெடுத்த நூல் வாழ்ந்தது. எடுக்கப்படாத நூல் மறைந்தது. பயனற்றவை என்று கருதிப் பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கு நாளில் ஆற்றில் விட்டவரும் உண்டு. அவ்விழப்பை நினைந்து உ. வே. சாமிநாதையர் வருந்தி எழுதியுள்ளார். அந்த ஏடுகளை ஆற்றில் விட்டவர் தீயவர் அல்லர். இல்லத்தில் இடம் வேண்டியவர். உள்ளிருப்பது இன்னதென்று பாராதவர். யானும் அன்று அவர்களுள் ஒருவனாயினேன்.

ஆகவே ஆறாவது முறை ஒன்றையும் சேர்த்துக் கூறுகின்றேன். வரிசையில் இறுதியாயினும் செய்கையில் இதுவே முதலாக வேண்டும். அரிய கோப்புகளுக்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவேறு வகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் இல்லத்துக்கு வெளியே இருத்தல் வேண்டும். கணினியில் ஒன்று, வெளியே இணைக்கும் தட்டில் ஒன்று, வெளியூரில் வாழும் உறவினரிடமோ இணையச் சேமிப்பிலோ ஒன்று என்று அமைத்துக்கொள்ளலாம். படியெடுத்தால் மட்டும் போதாது. படியைத் திறந்து, சரியாக இருக்கின்றதா என்றும் பார்த்தல் வேண்டும். கோப்புக்குப் பொருள் விளங்கும் பெயரும் நாளும் இட்டுவைத்தல் வேண்டும். பெயரற்ற பொருளே முதலில் குப்பையாகின்றது.

செய்யத்தகாதன சிலவும் உள. விண்டோஸ் என்னும் பெயருடைய கோப்புறைக்குள் சென்று, பெயர் விளங்காத கோப்புகளைக் கையால் அழித்தல் ஆகாது. கணினியே எழாது போகும். "ஒரு நொடியில் இடம் தருவோம்" என்று இணையத்தில் தோன்றும் அறிமுகமற்ற மென்பொருள்களை நம்புதலும் ஆகாது; அவற்றுள் சில இடத்தோடு நம் இரகசியங்களையும் கொண்டுசெல்லும். தட்டினை விளிம்புவரை நிரப்புதலும் நன்றன்று. கண்மாய்க்குக் கலிங்கு இருப்பதுபோல, தட்டிலும் பத்தில் ஒரு பங்கேனும் வெற்றிடமாக இருத்தல் நலம். அவ்வெற்றிடம் கணினி தன் பணிக்குப் பயன்படுத்திக்கொள்ளும் இடமாகும்.

குடுமியான்மலையில் ஏறத்தாழ 1,300 ஆண்டுகட்குமுன் பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டு இன்றும் நிற்கின்றது. கல்லில் இடம் அரிது, வெட்டுதல் கடினம், ஆதலின் நிற்கத் தக்கது எதுவென ஆராய்ந்த பின்னரே வெட்டினர். நமக்கோ இடம் எளிது, எழுதுதல் எளிது, அழித்தலும் எளிது. எளிமை மிகுந்த இடத்தில் ஆராய்ச்சியும் மிகுதல் வேண்டும்.

கண்மாயில் தூர் வாருவோர் வாரிய வண்டலை வீணாக எறிவதில்லை. வயலுக்கு எருவாக இடுவர். எது நீர், எது வண்டல், எது எரு என்று அவர்கள் அறிவர். கணினியில் தூர் வாருவோரும் அவ்வாறே அறிந்து செய்தல் வேண்டும். யான் மீட்ட ஒன்பது பதிவுகளுக்கும் அறுந்த ஒன்றுக்கும் இப்போது பெயரும் நாளும் இட்டுள்ளேன். மூன்று இடங்களில் படி வைத்துள்ளேன். கிட்டாத இரண்டின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கணினியின் அருகே ஒட்டியுள்ளேன். எதனையேனும் அழிக்குமுன் அத்தாளை ஒருமுறை படிப்பது இப்போது என் வழக்கமாகிவிட்டது.